ஒரு படி வெளிச்சம்

எங்கள் அத்தான் யாருக்கும் கெடுதல் நினைத்தவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அவருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைப்பீர்கள். என் அக்காவின் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்களுக்குள் வாரத்துக்கு இரண்டு சண்டையாவது நடக்கும். முப்பது வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே பிழைப்பு. கடையின் பின்பாதி அவருடைய போட்டோ ஸ்டுடியோ. முன்பாதி என் ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன், ஃபிரேம் போடுகிற மேஜை. அவர் எடுக்கிற முகங்களுக்கு நான் கண்ணாடி போடுவேன்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு நீலத் திரை, ஒரு சுழல் ஸ்டூல், வெள்ளைக் குடை வைத்த விளக்கு இரண்டு. சுவரில் கண்ணாடி, அதில் கயிறு கட்டித் தொங்குகிற சீப்பு, அதற்குக் கீழே பவுடர் டப்பா. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. முதுகில் கிளிப் போட்டு இறுக்கினால் ஒல்லிக்கும் சரி, குண்டுக்கும் சரி. அந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் எங்கள் பேட்டையில் பாதிப் பேர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள்.

அத்தானின் தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. ஒரு படி. படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்ததும் பருவை அழிப்பார், கருவளையத்தை அழிப்பார், பிறகு முகத்தின் வெளிச்சத்தை ஒரு படி ஏற்றுவார். கேட்டாலும் ஏற்றுவார், கேட்காவிட்டாலும் ஏற்றுவார். என்னை எதற்கு இவ்வளவு சிவப்பாக்கினீர்கள் என்று சண்டைக்கு வந்தவன் இந்த முப்பது வருஷத்தில் ஒருத்தன் கிடையாது. ஏற்றிய பிறகு அந்தப் படத்தின் மேலேயே சேமித்துவிடுவார். பழையது இருக்காது. ஒரு தடவை தொடாத படத்தைத் தவறுதலாகக் கல்யாண ஆல்பத்தில் போட்டு, பெண் வீட்டுக்காரர்கள் கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்தப் பழக்கம். "ரெண்டு இருந்தா குழப்பம். ஒண்ணே ஒண்ணு இருந்தா அதான் நிஜம்," என்பார்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் பதினோரு வருஷம் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு டாக்டர் முகத்துக்கு நேரே கையை விரித்துவிட்டார். தத்து எடுப்பதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அக்கா எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். ஒரே ஒரு தடவை வாய் விட்டுச் சொன்னாள், நம்ம முகம் மாதிரி இருந்தா பாக்கலாம் என்று. அதை அத்தான் பிடித்துக்கொண்டார்.

ஊருக்கு வெளியே ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. அங்கே வருஷத்துக்கு ஒருமுறை போய், எல்லாக் குழந்தைகளையும் காசு வாங்காமல் படம் எடுத்துக் கொடுப்பது அத்தானின் வழக்கம். தத்து எடுக்க வருகிறவர்கள் புரட்டிப் பார்க்க ஒரு ஆல்பம் உண்டு; அதற்கான படங்கள். அங்கேயும் ஒரு படிதான். நம்மால் முடிந்த உதவி, பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஒரு வீடு அமையட்டும் என்பார். பொறுப்பாளர் அம்மாவும் வாயாரப் புகழ்வார்.

அப்படிப் போன ஒரு நாள், இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று அவருடைய கேமரா வாரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தூக்கினால் சிரித்தது, இறக்கினால் வாரைப் பிடித்தது. எங்கள் ஜனம் இல்லை அந்தக் குழந்தை. பெற்றவர்கள் வேறு இனம். வேறு நிறம், சுருண்டு சுருண்டு ஒட்டிக்கிடக்கிற முடி, அகலமான மூக்கு. எங்கள் ஊரில் அந்த ஜனம் லாரிகளில் மூட்டை இறக்கும், கட்டிடங்களில் கல் சுமக்கும். நம் வீட்டு வாசல் வரை வரும், உள்ளே வராது. நாங்கள் மட்டும் என்னவோ பாலில் குளித்தவர்கள் என்று நினைக்காதீர்கள். டீயில் பால் கொஞ்சம் கூடுதலாக விழுந்தால் என்ன நிறமோ அதுதான் எங்கள் நிறம். அதற்கே இவ்வளவு கிராக்கி.

அன்று மத்தியானம் அத்தான் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். உங்க அக்கா சம்மதிப்பாளா என்று கேட்டார். நான் படத்தைப் பார்த்தேன், அத்தானைப் பார்த்தேன். பிறகு, இன்றைக்கு வரைக்கும் என்னைத் தூங்க விடாத அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"ரெண்டு படி சேத்து ஏத்துங்க அத்தான். அப்பதான் அக்கா ஒத்துக்குவா."

அவர் மூன்று படி ஏற்றினார். அதன் மேலேயே சேமித்தார். நான் அதை லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். அக்கா அதைப் பார்த்து அழுதாள். உங்க அத்தான் ஜாடை இருக்கு என்று அவளே என்னிடம் சொன்னாள். நாலு மாதம், காகிதவேலை எல்லாம் முடிகிற வரைக்கும், அந்தப் படம் அவள் கைப்பையில் இருந்தது.

குழந்தையைக் கூட்டிவரப் போன அன்று நானும் கூடப் போனேன். ஆயா குழந்தையைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அக்கா கைப்பையைத் திறந்து படத்தை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தை யாரையும் கவனிக்காமல் அத்தானின் பையிலிருந்து தொங்கிய வாரைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அக்கா படத்தை உள்ளே வைத்துப் பையை மூடிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டோம். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவே இல்லை.

அக்கா அவளை வளர்த்த அருமையைச் சொல்லி மாளாது. அந்த முடியைச் சீவத் தெரியாமல் முதல் மாதம் இரண்டு பேரும் சேர்ந்து அழுவார்கள். பிறகு அக்கா ஒரு வேலை செய்தாள். மூட்டை இறக்குகிற இடத்துக்குப் போய், அந்த ஜனத்துப் பெண் ஒருத்தியிடம் கேட்டு, ஈரத்தோடு எண்ணெய் தேய்த்துப் பிரித்துப் பின்னக் கற்றுக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஒருத்தி, வீட்டு வேலைக்கா வச்சிருக்கீங்க என்று கேட்டபோது அக்கா போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் நான்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தேன். மை டப்பா. செல்லமாகத்தான். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குள் நுழையும்போதே, "வாடி என் மை டப்பா" என்பேன். அவளும் சிரிப்பாள். வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். தெருவே அவளை அப்படிக் கூப்பிட்டது. எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

வீட்டுச் சுவர் முழுக்க அவள் படம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்று, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்று. மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற படம் எடுக்கும்போது அத்தானுக்கு ஒரு சிக்கல். அவள் முகம் தெரிய விளக்கு வைத்தால் இவர்கள் இரண்டு பேரும் வெளுத்துப்போவார்கள். இவர்களுக்கு விளக்கு வைத்தால் அவள் இருட்டில் நிற்பாள். ஆகவே விளக்கை இவர்களுக்கு வைத்துவிட்டு, அவளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். தொழில் தெரிந்தவன் அப்படித்தான் செய்ய முடியும் என்பார். தனியாக அவள் நிற்கிற படத்தையும் ஏன் ஏற்ற வேண்டும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு, அப்படியே அப்பா ஜாடை என்பார்கள். அக்காவுக்கு முகம் மலரும். பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்குக்கூட எங்கள் கடைப் படம்தான். ஸ்டுடியோக்காரன் வீட்டில் போனில் படம் எடுப்பது கேவலம் என்று அவருக்கு ஒரு கொள்கை. அப்படியே எடுத்தாலும் அந்தப் போனே எல்லாரையும் வெளுத்துத்தான் கொடுக்கும்.

அவள் வீட்டுக்கு வந்த தேதியை எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கொண்டாடுவதற்கு ஒரு முறை இருந்தது. அன்று குடும்பத்தோடு அந்த இல்லத்துக்குப் போவோம். ஒரு வாரம் முன்பிருந்தே கூடத்தில் உட்கார்ந்து பொட்டலம் போடுவோம். ஒரு துண்டு, சோப்பு, பல் துலக்கும் பிரஷ், இரண்டு நோட்டு, பென்சில் டப்பா. ஐந்து வயதிலிருந்து ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு பூ வரைவது அவள் வேலை. இல்லத்தில் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் பொட்டலத்தை அவள் கொடுப்பாள், அத்தான் அதைப் படம் எடுப்பார். பிறகு மூட்டையை நான் தூக்கிக்கொண்டு நடக்க, அக்கா குனிந்து குனிந்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு போவாள். ஒவ்வொருவரிடமும் நல்லா படிக்கணும் கண்ணு என்று சொல்வாள். அந்தப் படம் பெரிதாகி ஃபிரேம் போட்டு இல்லத்து அலுவலக அறையில் தொங்கும். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒரே நிறம் என்பது, அத்தான் அவளை மட்டும் ஏற்றிய பிறகு, படத்தில் தெரியாது.

அவளுக்குப் பதினைந்து வயது நடந்த வருஷம் அது. முதல் பொட்டலம் கொடுக்கிற படம் எடுத்தாயிற்று. நான் இரண்டாவது மூட்டையின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரிசையின் கடைசியில் குந்தி உட்கார்ந்து, முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். அதுவும் அவள் ஜனத்துக் குழந்தைதான். அது சொன்னது என் காதிலும் விழுந்தது.

"ஒரு அங்கிளும் ஆன்ட்டியும் என்னைப் பாக்க வந்தாங்க அக்கா. போட்டோவப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க. அப்புறம் சாக்லேட் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

அந்தக் குழந்தை அதைக் கஷ்டமாகக்கூடச் சொல்லவில்லை. சாக்லேட் கிடைத்த சந்தோஷத்தில்தான் சொன்னது. எங்கள் பெண் தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்து மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களைப் போலவே இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்கா குனிந்தபடியே வந்தாள். அறுபது பொட்டலம், முதுகு வலி, மூட்டையையும் மடியையும் மட்டும்தான் பார்த்தாள். பல் விழுந்த குழந்தைக்குக் கொடுத்தாள். அடுத்த மடியிலும் ஒன்றை வைத்தாள்.

"நல்லா படிக்கணும் கண்ணு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அத்தான் எதிரே நின்று படமும் எடுத்துவிட்டார். நான் மூட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் அம்மாவை ஏமாற்றி விளையாடுகிறாள் என்று நினைத்து, மடையன், சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. மடியில் இருந்த பொட்டலத்தையும் அதில் தான் வரைந்த பூவையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் வந்ததும், "மாமா, என்னை இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க," என்றாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் சிரித்தது எனக்காகத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் கடைக்கு வந்தாள். நேராகப் பின்பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அத்தானைப் பார்த்து, தான் வந்த புதிதில் எடுத்த படம், அப்பா தொடாத படம், ஒன்றே ஒன்று காட்டுங்கள் என்றாள். அத்தான் இதோ என்று கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்தார். அந்த இதோ மூன்று நாள் நீண்டது. வருஷம் வருஷமாகத் திறந்தார். பழைய டிஸ்குகளை எல்லாம் தூசி தட்டிப் போட்டுப் பார்த்தார். ஆயிரத்துக்கு மேலே படம், பல் முளைத்தது முதல் சைக்கிள் ஓட்டியது வரை. ஒன்றில்கூட அவள் நிறம் இல்லை. எல்லாவற்றின் மேலேயும் அவரே சேமித்திருந்தார். மூன்றாம் நாள் அவர் கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இந்த வருஷத்து முதல் பொட்டலப் படத்தைக்கூட அன்று இரவே ஏற்றிவிட்டிருந்தார். தொடாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அவள் வரிசையில் உட்கார்ந்து பொட்டலம் வாங்குகிற படம். கேமராவிலேயே கிடந்தது. அதைத் திறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவள் வீட்டில் கேட்ட கேள்வி அதைவிட மோசம். நான் பிரிண்ட் பேப்பர் கொடுக்கப் போயிருந்தேன். கூடத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். நீங்க என்னை ஆல்பத்துல பாத்தீங்களா, நேர்ல பாத்தீங்களா என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா போட்டோவில்தான் என்றாள். அந்தப் போட்டோ எங்கே என்றாள். அக்கா அலமாரியிலிருந்து நான் லேமினேட் பண்ணிய அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தாள். மூன்று படி ஏற்றியது. அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"நேர்ல என்னைப் பாத்ததும் என்னம்மா பண்ணீங்க?"

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே வராது. அன்றைக்காவது வந்திருக்கக் கூடாதா என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன்.

"நின்னேன்."

"எவ்ளோ நேரம்?"

அக்கா என்னைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் இருக்கும்," என்றாள்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கத்தவில்லை, அழவில்லை. அந்த நிமிஷத்துக்குப் பிறகு அக்கா தூக்கிக்கொண்டாளே, பன்னிரண்டு வருஷமாக இறக்கி வைக்கவில்லையே என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அந்த நிமிஷம் வந்ததே என்னால்தான். இரண்டு படி ஏற்றச் சொன்ன வாய் எந்த முகத்தோடு பேசும்? பேப்பரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் சரியாகத்தான் இருந்தாள். சாப்பிட்டாள், படித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் ஒரு படத்துக்கும் நிற்கவில்லை. அத்தான் கேமராவை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். தலையை அக்காவிடம் கொடுப்பதும் நின்றது, தானே பின்னிக்கொண்டாள்.

அத்தான் தன்னால் ஆன பரிகாரத்தைத் தேடிப் போனார். இல்லத்துக்குப் போய்த் தானாகவே எல்லாக் குழந்தைகளையும் மறுபடி படம் எடுத்தார். ஒரு படிகூட ஏற்றவில்லை. ஆல்பத்தையே மாற்றிக் கொடுத்தார். மகள் கேட்காமலே செய்தார், செய்துவிட்டு வந்து சொன்னார். அவள் முகத்தில் முதல் தடவையாக ஏதோ இளகியது. நானும் சரி, வண்டி இனி ஓடும் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் அந்த ஜனத்துக் குழந்தைகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்டு வரவில்லை. பல் விழுந்த பெண்ணுக்குப் பல் முளைத்தே விட்டது. பொறுப்பாளர் அம்மா கடைக்கு வந்து, கெஞ்சாத குறையாக, பழையபடி எடுத்துக் கொடுங்கள் என்றார். அத்தான் முடியாது என்றார். அடுத்த மாதம் எதிர்வரிசை ஸ்டுடியோக்காரனைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டார்கள். நாலு குழந்தைகளுக்கு வீடு கிடைத்ததாகக் கேள்விப்பட்டோம். அதைச் சாப்பாட்டு நேரத்தில் அத்தான் சொன்னபோது அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அப்போ பொய் சொன்னாதான் எங்களுக்கு வீடு," என்றாள்.

எங்களுக்கு என்றாள். அக்காவின் காதில் விழுந்தது அந்த வார்த்தைதான். பல நாள் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அத்தானுக்கு வியாபாரமும் படுத்துவிட்டது. உள்ளது உள்ளபடி எடுத்துக் கொடுத்தால் எவன் வருவான்? ஒருத்தர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, என்னங்க, செத்தவன் மாதிரி இருக்கேன் என்று சண்டை பிடித்தார். நீங்க இப்படித்தான் இருக்கீங்க என்று நான் சொல்லி, அவரும் போனார், அவர் சொந்தக்காரர்களும் போனார்கள். ஆணியில் கோட்டு தூசி படிந்து தொங்கியது.

பதினெட்டு வயதில் அவளுக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. வேறு ஊர், விடுதி. பாஸ்போர்ட் சைஸ் படம் ஆறு வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அத்தான் அன்று காலையிலேயே வந்து கண்ணாடியைத் துடைத்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார். அவள் நிறத்துக்குத் தகுந்த மாதிரி குடையை நகர்த்தி நகர்த்தி வைத்தார். சட்டைகூடப் புதுசு. பதினோரு மணிக்கு அவள் தெருமுனையில் வருவது தெரிந்தது. எங்கள் கடைக்கு எதிரே வந்ததும் நின்றாள். பிறகு தெருவைக் கடந்து எதிர்வரிசை ஸ்டுடியோவுக்குள் போனாள். அத்தான் விளக்கை அணைக்க மறந்து நின்றுகொண்டிருந்தார். நான்தான் போய் அணைத்தேன்.

புறப்படுகிற அன்று கடைக்கு வந்தாள். அத்தானிடம் அந்த வரிசைப் படம் ஒரு பிரிண்ட் வேண்டும் என்றாள். அவர் போட்டுக் கொடுத்தார். இனி இது உங்ககிட்ட இருக்க வேண்டாம்ப்பா, அழிச்சிடுங்க என்றாள். அவள் பார்க்கவே அழித்தார். குனிந்து அவர் தோளில் ஒரு நொடி நெற்றியை வைத்தாள். நான் அந்தப் படத்தை லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, எதிர்க்கடையில் எட்டு படம் கொடுத்தான் மாமா, இரண்டு மிச்சம், வச்சுக்கோங்க என்று ஒரு சின்னக் கவரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

பஸ் போன பிறகு கவரை அத்தானிடம் கொடுத்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்தார். தலையே நிமிரவில்லை.

"இவனும் ஏத்தியிருக்கான்டா," என்றார். "ஒரு படி."

எனக்கு வந்த கோபத்துக்குத் தெருவைத் தாண்டிப் போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். எந்த உரிமையில் பிடிப்பது? அவளுக்கு இது தெரியும். தெரிந்துதான் இந்த இரண்டையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அத்தான் அந்தப் படத்தை ஸ்கேன் பண்ணச் சொன்னார். பண்ணிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் திறந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வெளிச்சத்தைக் கீழே இறக்க ஆரம்பித்தார். ஒரு படி இறக்கிவிட்டு, இதுவா என்று என்னைக் கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். இறக்கினார். இதுவா? ரொம்ப இறங்கிட்டோமோ என்றேன். ஏற்றினார். மறுபடி இறக்கினார். பதினைந்து வருஷம் கண்ணுக்கு முன்னால் வளர்ந்த பெண். காலையில்தான் இந்த மேஜைக்கு முன்னால் நின்றுவிட்டுப் போனாள். அவள் என்ன நிறம் என்று இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

"தெரியலையே அத்தான்," என்றேன்.

அக்கா சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. திரையைப் பார்த்ததும் நாங்கள் என்ன செய்கிறோம் என்று புரிந்துகொண்டாள். கேரியரை வைக்கக்கூட இல்லை.

"இறக்குங்க," என்றாள். "இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க. நெத்தி மட்டும் இன்னும் கறுப்பு. கன்னத்துல செம்பு மாதிரி ஒண்ணு தெரியும், அதைக் கொண்டு வாங்க. மேல் உதட்டுக்கிட்ட அம்மைத் தழும்பு இருக்குமே, அதை அந்தப் பாவி அழிச்சிட்டான்."

அக்கா சொல்லச் சொல்ல அத்தான் செய்தார். பத்து நிமிஷத்தில் அவள் வந்துவிட்டாள். எங்கள் பெண், நெற்றியும் கன்னமும் தழும்புமாக, எங்களை நேராகப் பார்த்துக்கொண்டு. நான் வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே நின்றாள்.

அத்தான் பிரிண்ட் பேப்பரை எடுத்து மெஷினில் வைத்தார்.

"அவளுக்கு அனுப்பட்டுமா?" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள்.

"வேண்டாங்க. இதுவும் நீங்க தொட்டதுதானே."

அத்தான் படத்தை மூடப் போனார். சேமிக்கவா வேண்டாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கேரியரைத் திறந்து எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தாள்.